கீழாநெல்லிப் பாத்தியும் அதன் பலகையும்: ஒரு குடியிருப்பு மூலிகைத் தோட்டத்தில் நடந்த நிகழ்வின் ஆய்வு

இதில் வரும் குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். தோட்டக் குழுவின் குறிப்பேட்டை எழுதி வருகிறவன் என்பதால் நடந்ததை வரிசையாகத் தொகுக்கும் வேலை என்னிடம் வந்தது. பொது இடத்தில் மூலிகை வளர்க்கும் மற்ற குழுக்களுக்கு இது பயன்படலாம்.

தோட்டம்

கோவையின் மேற்கு விளிம்பில், மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் உள்ள மனைப்பிரிவு எங்களுடையது. பெரிய மனைப்பிரிவு போடுகிறவர்கள் 10 சதவீத நிலத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். ஊரில் அதை ‘ரிசர்வ் சைட்’ என்பார்கள். எங்கள் ரிசர்வ் சைட் பல ஆண்டுகள் குப்பைமேடாகத்தான் கிடந்தது. கட்டட இடிபாடு, பழைய மெத்தை, கோழிக்கழிவு என்று எல்லாம் அங்கேதான் வந்து விழும். குடியிருப்போர் சங்கம் உள்ளாட்சியின் அனுமதி வாங்கி, மேலாகச் சுத்தம் செய்து, சுற்றிலும் வேலி போட்டது.

முதலில் வைத்தவை நிழல் மரங்களும் பூச்செடிகளும்தான். மூலிகைப் பக்கம் கவனம் திரும்பியது 2020இல், கொரோனா காலத்தில். அரசு கபசுரக் குடிநீர் விநியோகித்த நாட்கள் அவை. அதன் 15 சரக்குகளில் ஆடாதோடை, கற்பூரவல்லி, சீந்தில், நிலவேம்பு ஆகியவை அடக்கம் என்று தெரிந்ததும், ‘நம்ம இடத்துலயே வச்சா என்ன’ என்று பலர் கேட்டார்கள். வேலியோரம் ஆடாதோடையும் நொச்சியும் வந்தன. உள்ளே தூதுவளை, முடக்கத்தான், பிரண்டை, வல்லாரை, கரிசலாங்கண்ணி, நிலவேம்பு. வேப்பமரத்தில் சீந்தில் ஏறியது. சிறுவர்கள் பட்டாம்பூச்சிக்காக ஈஸ்வரமூலிக் கொடியை வைத்தார்கள். கீழாநெல்லியை யாரும் நடவில்லை. மழை பெய்ததும் தானாக முளைத்தது. அதைச் சுற்றிச் செங்கல் பதித்துப் பாத்தியாக்கினோம், அவ்வளவுதான்.

பலகைகள்

தோட்டத்தைப் பார்க்க வருகிறவர்கள் ‘இது எதுக்குங்க?’ என்றுதான் முதலில் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லி ஓய்ந்துபோன குழு, தகரப் பலகை வைக்க முடிவு செய்தது. செலவைக் குடியிருப்பாளர் ஒருவர் ஏற்றுக்கொண்டார். வாசகங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த பட்டியல்களிலிருந்தும் நாட்காட்டித் தாளின் பின்பக்கத்திலிருந்தும் வந்தன. எழுதுகிறவருக்குக் கொடுத்த தாளில் ஒரு செடிக்கு இரண்டு வரி என்று அளவு இருந்தது. அதனால் வாசகம் எல்லாமே ஒரே அச்சில் அமைந்தது: செடியின் பெயர், எதிரே ஒரு நோயின் பெயர்.

‘கீழாநெல்லி – மஞ்சள் காமாலைக்குக் கண்கண்ட மருந்து. மூன்றே நாளில் குணம்.’

‘நித்தியகல்யாணி – சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தும்.’

‘ஈஸ்வரமூலி – சகல விஷக்கடிகளும் தீரும்.’

யாரும் ஆட்சேபிக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்த ஆசிரியர்கள் பலகைகளைப் படம் எடுத்துப் போனார்கள். பக்கத்து ஊர்களிலிருந்தும் கீழாநெல்லி பறிக்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தோட்டம் பேர் வாங்கிவிட்டது என்றே நினைத்தோம்.

நிகழ்வு

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த சமயம். பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற, அறுபதைக் கடந்த ஒருவரின் கண்ணில் மஞ்சள் தட்டியிருப்பதை மருமகள்தான் முதலில் பார்த்திருக்கிறார். பசியில்லை, வாய் கசப்பு, சிறுநீர் கட்டங்காப்பி நிறம். சில மாதங்களாகவே விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு வலது விலாவுக்குக் கீழே வலி வந்து போயிருக்கிறது. வாய்வுப் பிடிப்பு என்று ஓமத் தண்ணீரோடு விட்டுவிட்டார்.

பக்கத்து வீட்டு அம்மாவின் மகளுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் காமாலை வந்து, கீழாநெல்லி கொடுத்துக் குணமாகியிருந்தது. ‘ஆஸ்பத்திரிக்குப் போனாலும் காமாலைக்கு மருந்து கிடையாதுங்க. மோர்ல கீழாநெல்லி அரைச்சுக் குடிங்க, எம் பொண்ணுக்கு அதுலதான் எறங்குச்சு’ என்று அவர் சொன்னார். நல்ல மனசோடு சொன்னதுதான். பெரியவர் தோட்டத்துக்கு வந்து பலகையைப் படித்தார், வேரோடு பிடுங்கிப் போனார். நெல்லிக்காய் அளவு அரைத்து, காலையில் வெறும் வயிற்றில் மோரில் கலந்து குடித்தார். உப்பும் எண்ணெயும் இல்லாத பத்தியம். மூன்று நாளில் மஞ்சள் இறங்கவில்லை. ‘உடம்பு வாகைப் பொறுத்து ஒரு வாரம்கூட ஆகலாம்’ என்று இன்னொருவர் சொல்ல, தொடர்ந்தார்.

அவர் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர். பத்தியச் சாப்பாடு பாதி வயிற்றுக்குக்கூட எட்டவில்லை, மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் காலை வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, திண்ணையில் சரிந்திருக்கிறார். வீட்டம்மா சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததும் தெளிந்தார். மருந்து வேலை செய்வதன் அறிகுறி என்று அதை வீட்டில் எடுத்துக்கொண்டார்கள். சர்க்கரை தாழ்ந்ததுதான் காரணம் என்பது பின்னால் விளங்கியது.

அப்புறம் அரிப்பு தொடங்கியது. உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் அரிப்பு. ராத்திரித் தூக்கம் போனது. அதற்குத் தடவ ஏதாவது தைலம் வாங்கி வரலாம் என்றுதான் ஆரம்ப சுகாதார நிலையத்தின் சித்தப் பிரிவுக்குப் போனார். காமாலைக்காகப் போகவில்லை. அதற்குத்தான் மருந்து எடுத்துக்கொண்டிருக்கிறோமே என்ற எண்ணம்.

சித்த மருத்துவர் கேட்டவை

அங்கே பணியில் இருந்தவர் இளம் பெண் மருத்துவர். தைலம் கொடுத்து அனுப்பவில்லை. கண்ணை விரித்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், நாடி பிடித்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு கேட்டார்: ‘மலம் என்ன நெறத்துல போகுதுங்க ஐயா?’

‘அதை யாருங்க டாக்டரம்மா பாக்கறாங்க’ என்று தயங்கியவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘வெளுத்துத்தான் போகுதுங்க, சுண்ணாம்பு கரைச்ச மாதிரி’ என்றார்.

மலத்துக்கு நிறம் கொடுப்பது பித்தநீர். கல்லீரலிலிருந்து அது குடலுக்கு வராமல் வழியில் அடைபட்டால் மலம் வெளிறும், நிறமி இரத்தத்தில் தங்கிக் கண்ணும் தோலும் மஞ்சளாகும், சிறுநீர் கறுக்கும், உடம்பு அரிக்கும். மருத்துவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அன்றே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். மகனைத் தொலைபேசியில் அழைத்து, ‘நாளைக்குன்னு தள்ளாதீங்க’ என்று தனியாகவும் சொல்லியிருக்கிறார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. ‘பாட்டி வைத்தியத்தை நம்பிக் கெட்டார், ஆஸ்பத்திரி காப்பாற்றியது’ என்றுதான் எங்கள் தெருவில் பலர் பிறகு பேசினார்கள். நடந்தது அப்படியில்லை. சித்த மருத்துவத்தில் நோயைக் கணிக்க எண்வகைத் தேர்வு என்று உண்டு: நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். அடைப்பைச் சந்தேகிக்க வைத்த கேள்வி அந்த எட்டில் ஒன்றுதான். காமாலையைச் சித்த நூல்கள் ஒரே நோயாகவும் பார்க்கவில்லை, ஊது காமாலை, வறள் காமாலை என்று வகை வகையாகப் பிரிக்கின்றன. எங்கள் தகரப் பலகை மரபிலிருந்து செடியை மட்டும் எடுத்துக்கொண்டு, பார்த்துக் கேட்டு அறிகிற பகுதி முழுவதையும் விட்டுவிட்டது. இரண்டு வரியில் அதை அடக்கவும் முடியாது.

மருத்துவமனையில்

ஸ்கேனில் பித்தப்பையில் கற்கள் தெரிந்தன. ஒன்று நழுவிப் பித்தக்குழாயில் அடைத்திருந்தது, குழாய் அகன்றிருந்தது. மஞ்சள் நிறத்துக்குக் காரணமான நிறமி, பிலிருபின், இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 14 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு அது ஒன்றை ஒட்டித்தான் இருக்கும். சேர்த்த அன்று இரவே குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. அடைபட்ட பித்தநீரில் கிருமி சேர்ந்தால் அப்படி வரும், அது இரத்தத்தில் பரவினால் உயிருக்கே ஆபத்து. நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்து ஏற்றி, எண்டோஸ்கோப்பி வழியாகக் கல்லை எடுத்து, குழாய் திறந்திருக்க ஸ்டென்ட் என்ற சிறு குழலை வைத்தார்கள். மஞ்சள் படிப்படியாக இறங்கியது. சில வாரங்கள் கழித்துப் பித்தப்பையையும் அறுவை செய்து அகற்றினார்கள். இப்போது நலமாக இருக்கிறார்.

கீழாநெல்லி அவருக்குக் கெடுதல் செய்தது என்று மருத்துவர்கள் யாரும் சொல்லவில்லை. கெடுதல் செய்தவை நாட்கள் கடந்ததும், மாத்திரையைக் கணக்கில் எடுக்காத பத்தியமும்.

குழுக் கூட்டம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடியபோது பேச்சு சூடாகவே இருந்தது. பெரியவரின் மகன் பலகையைத் தாங்கியிருந்த குழாயோடு பிடுங்கி எடுத்து வந்து மேசையில் வைத்தார். சங்கத்தில் சிலர் மூலிகைப் பகுதியையே அழித்துவிட்டுப் புல்தரை போடலாம் என்றார்கள். வழக்கு, பொறுப்பு என்ற பயமும் அதில் கலந்திருந்தது. வயதானவர்கள் சிலருக்கு அது அவமானமாகப் பட்டது. ‘எங்க பாட்டன் பூட்டன் எல்லாம் இதைத் தின்னுதான் இருந்தாங்க’ என்று ஒரு பாட்டி எழுந்து போய்விட்டார்.

பக்கத்து வீட்டு அம்மா அழுதார். அவர் கேட்டதில் நியாயமும் இருந்தது: ‘எம் பொண்ணுக்குக் குணமாச்சே, அது பொய்யாங்க?’

அழைப்பை ஏற்று வந்திருந்த சித்த மருத்துவர் இதற்குப் பொறுமையாகப் பதில் சொன்னார். கெட்ட தண்ணீர், கெட்ட உணவு வழியாக வரும் ஹெபடைட்டிஸ் ஏ காமாலை, பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அப்போது எதைக் கொடுத்திருந்தாலும் அதற்குத்தான் பேர் போகும். அதனால் கீழாநெல்லி வெறும் களை என்றும் சொல்ல முடியாது. 1988இல் சென்னையில் ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களிடம் நடந்த ஆய்வொன்று ‘லான்செட்’ இதழில் வந்தது. அந்தக் கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் அதன் ஆசிரியர்களில் ஒருவர். கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் இரத்தத்தில் மறைந்தது, ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மருந்து கொடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. எப்படியிருந்தாலும் அது கிருமியால் வரும் காமாலையைப் பற்றிய பேச்சு. குழாயில் நிற்கும் கல்லை எந்த இலையும் தள்ளாது.

அதோடு எலிக்காய்ச்சலிலும் கண் மஞ்சளாகும், மழைக்காலத்தில் அது அதிகம். கர்ப்பிணிகளுக்கு ஹெபடைட்டிஸ் இ வந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். ‘கண்ணு மஞ்சளாச்சுன்னா அது நோயோட பேர் இல்லீங்க, அறிகுறி. என்ன காரணம்னு பார்த்துட்டு அப்புறம் மருந்தைப் பேசலாம்’ என்று அவர் முடித்தார்.

அன்று எடுத்த முடிவுகள் மூன்று. செடிகளைப் பிடுங்குவதில்லை. பலகைகள் அனைத்தையும் அன்றே இறக்கிவிடுவது. சித்த மருத்துவரும், அருகிலுள்ள கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கும் ஒருவரும் ஒவ்வொரு செடியையும் பார்த்துச் சொல்லும்வரை புதிதாக எதையும் எழுதுவதில்லை. செடியை அழித்தால் ஜனங்கள் அதையே சாலையோரச் சாக்கடைக் கரையில் தேடிப் பிடுங்குவார்கள், அது இன்னும் மோசம் என்பது முதல் முடிவுக்குக் காரணம். கீழாநெல்லி எந்தக் காலி மனையிலும் முளைக்கும். அதை இல்லாமல் செய்ய யாராலும் முடியாது.

செடிகளைச் சோதித்தபோது

தாவரவியல் ஆசிரியர் கீழாநெல்லிப் பாத்தியில்தான் தொடங்கினார். கைக்கண்ணாடியோடு குனிந்தவர், ஒரே பாத்தியில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களை எடுத்துக் காட்டினார். இலைக்கடியில் காய் வரிசையாகத் தொங்கும் வழக்கமான கீழாநெல்லி இருந்தது. தண்டு சிவந்து, காய் காம்பில்லாமல் ஒட்டிக்கொண்டு சொரசொரப்பாக இருக்கும் சிவப்புக் கீழாநெல்லியும் இருந்தது. பெரியவர் பிடுங்கிப் போனது எது என்று இனிமேல் கண்டுபிடிக்க வழியில்லை. ஒரு பலகை நட்டுவிட்டால் அதன் கீழே முளைப்பதெல்லாம் அந்தப் பெயருக்கு உரியதாகிவிடுகிறது.

இன்னொரு தகவலும் அவரிடமிருந்து கிடைத்தது, கூட்டத்தில் பலருக்கு அதை நம்பவே முடியவில்லை. நம் மண்ணின் மூலிகை என்று நாம் கொண்டாடும் இந்தக் கீழாநெல்லியின் பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்கா என்பது தாவரவியலாளர்களின் கணிப்பு. நித்தியகல்யாணி மடகாஸ்கரிலிருந்து வந்தது. ‘நாட்டு மூலிகைத் தோட்டம்’ என்று வாசலில் எழுதி வைத்திருந்தோம்.

நித்தியகல்யாணியில்தான் மருத்துவர் அதிகம் கவலைப்பட்டார். அதிலிருந்து பிரித்தெடுக்கும் வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் இரண்டும் புற்றுநோய் சிகிச்சையில் அளந்து அளந்து இரத்தக் குழாயில் ஏற்றும் வீரியமான மருந்துகள். எங்கள் பலகையை நம்பிக் காலையில் அதன் பூவையும் இலையையும் மென்று தின்றவர்கள் இரண்டு பேர் என்பது அந்த விசாரணையில்தான் வெளியே வந்தது.

‘மஞ்சள் கரிசலாங்கண்ணி’ என்று எழுதியிருந்த பாத்தியில் மஞ்சள் கரிசலாங்கண்ணியே இல்லை. அது தரையை மூடிப் படரட்டும் என்று அலுவலக வளாகங்களில் வைக்கும் அழகுச்செடி. பூ ஒரே மாதிரி இருக்கும், ஆனால் இலையில் மூன்று மடல் தெரியும். நர்சரியில் அந்தப் பெயர் சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். சில வீடுகளில் அதைப் பொரியலும் செய்திருக்கிறார்கள்.

சீந்தில் விஷயம் இன்னும் சிக்கலானது. கொரோனா காலத்தில் அதைத் தொடர்ந்து எடுத்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாக மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. தோற்றத்தில் ஒத்த வேறொரு சீந்தில் இனம் கலந்திருக்கலாம் என்றது. விவாதத்துக்குள் போக எங்களுக்குத் தகுதியில்லை. இரண்டு தரப்பில் எது சரியென்றாலும் பொதுத் தோட்டத்துக் கொடியை வெட்டி மாதக்கணக்கில் கஷாயம் வைக்கக் கூடாது என்பது மட்டும் தெளிவு.

ஈஸ்வரமூலிதான் எல்லோரையும் திகைக்க வைத்தது. ஆடுதின்னாப்பாளையின் இனம் அது. இந்த இனச் செடிகளில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியும் மருந்தில் இதே இனத்துச் சீனச் செடி ஒன்று தவறுதலாகச் சேர்ந்து, நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதானது. அவர்களில் பலருக்குப் பிறகு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த அமிலத்தை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. கேடு தெரியப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், தின்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்ற அனுபவச் சாட்சி இங்கே செல்லாது. விஷக்கடி வாசகம் இன்னொரு பக்கம் ஆபத்து. பாம்பு கடித்தவர் இலையைத் தேடி வரும் நேரத்தில் விஷமுறிவு ஊசி இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

கொடியை வெட்டிவிடலாமா என்று கேட்டோம். சிறுவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, அவர்கள் சொன்னதும் சரிதான். கறுப்புச் சிறகில் சிவப்புப் புள்ளிகளோடு வரும் கிரிம்சன் ரோஸ் பட்டாம்பூச்சியின் புழுக்களுக்கு இந்த இனக் கொடிகள்தான் உணவு. இலையின் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொண்டுதான் அவை பறவைகளிடமிருந்து தப்பிக்கின்றன. கொடி இருக்கட்டும், மூலிகைப் பகுதியிலிருந்து பிரித்து வேலிக்கு அப்பால் பட்டாம்பூச்சிப் பகுதியில் சேர்த்துவிடலாம் என்று முடிவானது.

செடியோடு மண்ணையும் பார்க்க வேண்டியிருந்தது. குப்பைமேடாக இருந்த இடம். வேளாண் துறை ஆய்வகத்துக்கு மண் மாதிரி அனுப்பினோம். தழை, மணி, சாம்பல் சத்தும் நுண்சத்துகளும் வந்தன. ஈயம், காட்மியம் போன்றவை அந்த வழக்கமான சோதனையில் அடங்காது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டோம். தனியாக அதற்குச் செலவு செய்வதைவிட, தின்பதற்கான செடிகளை வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணில் உயர்த்திய பாத்திகளுக்கு மாற்றுவது எளிதாக இருந்தது. வல்லாரைக்குப் பாய்ந்துகொண்டிருந்த குளியலறைக் கழிவுநீரையும் நிறுத்தினோம்.

புதிய ஏற்பாடு

தோட்டம் இப்போது மூன்று பகுதி. முதலாவது சமையலறைப் பகுதி: தூதுவளை ரசம், முடக்கத்தான் தோசை, பிரண்டைத் துவையல், வல்லாரைச் சட்னி என்று உணவாகவே வழக்கத்தில் உள்ளவை. யாரும் பறிக்கலாம். பிரண்டையைப் புளி சேர்க்காமல் அரைத்தால் நாக்கு அரிக்கும் என்பதுபோன்ற கைப்பக்குவக் குறிப்புகள் பலகையில் உண்டு. இரண்டாவது பகுதியில் கீழாநெல்லி, நிலவேம்பு, ஆடாதோடை, சீந்தில். மருத்துவரின் சீட்டு இருந்தால் பறித்துத் தருவோம். ஆடாதோடைப் பலகையில் கர்ப்பிணிகள் எடுக்கக் கூடாது என்று பெரிய எழுத்தில் இருக்கிறது, அது கருப்பையைச் சுருங்கச் செய்யும். மூன்றாவது பார்வைக்கு மட்டும்: பட்டாம்பூச்சிப் பகுதிக்குப் போன ஈஸ்வரமூலி, நித்தியகல்யாணி, ஊமத்தை, வேலியில் ஏறிய குன்றிமணி.

பலகைகளில் நோயின் பெயர் வராது. இதுதான் அதிகம் வாதம் நடந்த விதி. நோய் பெயரே இல்லாவிட்டால் மூலிகைத் தோட்டம் எதற்கு என்றார்கள். செடியின் பெயர்கள், எந்தப் பகுதி வழக்கத்தில் உள்ளது, எதனோடு குழம்பும், யார் தொடக் கூடாது என்ற நான்கையும் எழுதினால் பலகை ஏற்கெனவே நிரம்பிவிடுகிறது என்பதை ஒன்றை எழுதிக் காட்டிய பிறகே ஏற்றுக்கொண்டார்கள். கீழாநெல்லிப் பாத்தியில் மட்டும் ஒரு விலக்கு. கண் மஞ்சளானால் இரத்தச் சோதனையும் ஸ்கேனும் முதலில், மலம் வெளுத்தாலோ அரித்தாலோ குளிர்காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவமனை என்று அங்கே எழுதியிருக்கிறது. காமாலைக்காகத் தேடி வருகிறவர்கள் வந்து நிற்கும் இடம் அது என்பதால் சித்த மருத்துவர் அப்படிக் கேட்டுக்கொண்டார்.

அதற்குப் பின்

சீட்டு கேட்கும் விதி முதலில் எரிச்சலைத்தான் கிளப்பியது. காவலுக்கு ஆள் கிடையாது, இருட்டியதும் பறித்துப் போகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். ஆனால் காமாலையோடு தோட்டத்துக்கு வந்த சிலர் பலகையைப் படித்துவிட்டுச் சித்தப் பிரிவுக்குப் போனதாக மருத்துவர் சொன்னார். அவர்களில் எலிக்காய்ச்சல் உறுதியான ஒருவரும் உண்டு.

கோபித்துப் போன பாட்டியை அழைத்து வரச் சில மாதங்கள் ஆயின. அவருக்குத் தெரிந்ததைப் பதிவு செய்யலாம் என்று உட்கார்ந்தபோது, எங்கள் பலகையைவிட அவர் எவ்வளவோ கவனமானவர் என்பது புரிந்தது. ‘எங்க ஊர் வைத்தியர் பச்சைப்புள்ளைக்குக் கொடுக்க மாட்டார். கண்ணப் பாப்பார், ஒண்ணுக்கைப் பாப்பார். மூணு நாள்ல எறங்கலைன்னா வண்டி கட்டி டவுனுக்குப் போகச் சொல்லிருவார்’ என்றார். ‘மூன்றே நாளில் குணம்’ என்று எழுதினோமே, அந்த மூன்று நாள் ஒருவேளை இந்தக் கெடுவிலிருந்து வந்திருக்கலாம். இது என் ஊகம்தான். அவர் சொன்னதை அவர் சொன்ன பேச்சிலேயே ஒலிப்பதிவாக வைத்திருக்கிறோம்.

பக்கத்து வீட்டு அம்மாவும் பெரியவர் குடும்பமும் பழையபடி பேசிக்கொள்கிறார்கள். பெரியவர் பித்தப்பை அறுவைக்குப் பிறகு உயர்பாத்திக்கு மண் சுமக்க வந்தார், மருமகள்தான் திட்டி வீட்டுக்கு அனுப்பினார்.

மாற்ற வேண்டியவை

இதேபோலத் தொடங்குகிறவர்கள் பலகைக்கு முன்னால் செடியின் அடையாளத்தை உறுதி செய்துகொள்வது நல்லது. நர்சரிக்காரர் சொன்ன பெயர் போதாது. உலர்மாதிரி எடுத்து ஒரு கல்லூரித் தாவரவியல் துறையிடம் காட்டிவிடலாம். பெரும்பாலும் செலவில்லாமலே பார்த்துச் சொல்வார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் சித்தப் பிரிவு இருக்கிறது. அங்குள்ள மருத்துவரை முதல் கூட்டத்திலேயே சேர்த்துக்கொண்டால் எங்களுக்கு ஆன சுற்றுவழி மிச்சமாகும். மருந்துச் சட்டவிதிகளின் ஈ(1) அட்டவணையில் ஊமத்தை, எட்டி, குன்றி, கலப்பைக் கிழங்கு போன்ற நச்சுச் சரக்குகளின் பட்டியல் இருக்கிறது. தோட்டத்தில் உள்ளவற்றை அதோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளலாம். எங்கள் குன்றிமணி அப்படித்தான் பார்வைப் பகுதிக்குப் போனது.

செய்து முடிக்காதவையும் உண்டு. நாற்று கேட்கிறவர்களுக்குக் கொடுப்பதா என்பது இன்னும் முடிவாகவில்லை, வீட்டுக்குப் போன நாற்றோடு பலகை போவதில்லை. பழைய கீழாநெல்லிப் பலகையின் படம் வாட்ஸ்அப்பில் இன்னமும் சுற்றுகிறது. எங்கள் தோட்டத்தின் பெயர் அடியில் தெரிவதால் வெளியூரிலிருந்து அழைப்பு வருகிறது. அழைக்கிறவர்களுக்குப் புதிய பலகையின் படத்தை அனுப்பி, பழையது எந்தக் குழுவில் வந்ததோ அதே குழுவில் இதையும் போடச் சொல்கிறோம்.